கோபுரம் ஏன் சாய்கிறது, ஆட்டோ ஏன் மிதக்கிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வார நாளில் ஆபீஸ், சனி ஞாயிறில் வாட்டர்கலர். ஒன்றரை வருடமாக யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி பெர்ஸ்பெக்டிவ் தெரியும், ஸ்கேல் வைத்துத்தான் கோடு போடுகிறேன். ஆனாலும் சோமேஸ்வரர் கோயில் கோபுரத்தை வரைந்தால் வலப்பக்கம் சாய்கிறது. தெருப் படத்தில் ஆட்டோ தரையில் நிற்காமல் மிதக்கிறது, ஆட்கள் கொலு பொம்மை மாதிரி இருக்கிறார்கள். பூக்கட்டும் அம்மாவுக்காகத்தான் அந்தப் படத்தையே போட்டேன், பார்க்கிறவர்கள் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. தாளை நீளத்திலும் அகலத்திலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் பொருளை வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதிப்படிதான் வைத்திருக்கிறேன். எங்கே தவறு? வகுப்பில் சேர வேண்டுமா? இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன். (வாசகி, பெங்களூரு)

பதில்: இரண்டு படங்களையும் பார்த்தேன். வானத்து வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) சுத்தமாக விழுந்திருக்கிறது, கை பழகியிருக்கிறது. விதியும் தெரிந்திருக்கிறது. விடுபட்டுப்போனது அதற்கு முந்தைய வேலை. எங்கே நிற்பது, உங்கள் கண் உயரத்தைக் குறிக்கும் கண்மட்டக் கோடு தாளில் எந்த உயரத்தில் ஓடுவது, இந்த இரண்டையும் பென்சிலைத் தொடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தூரத்தைக் கோடுகளால் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் தனிப் பாடம், எதை எங்கே வைப்பது என்ற கம்போசிஷன் தனிப் பாடம் என்று வீடியோக்களில் பிரித்துச் சொல்கிறார்கள். தெருவில் போய் உட்கார்ந்தால் அப்படிப் பிரித்து வேலை செய்ய முடியாது. நாலடி தள்ளி நின்றாலே, பின்னோக்கி ஓடும் கோடுகள் கூடும் மறைபுள்ளிக்கு முன்னால் இருக்கும் பொருள் மாறிவிடும். அது மாறினால் பார்ப்பவர் கண் போய் நிற்கும் இடமும் மாறும். உங்கள் பூக்காரம்மா காணாமல் போனது அங்கேதான்.

முதலில் கோபுரம். அதைப் போன் போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள் என்பதைக் கோடுகளே சொல்கின்றன. கிட்டே நின்று, உச்சி ஃபிரேமுக்குள் வருவதற்காகப் போனை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்த படம். போனைச் சாய்த்ததுமே, செங்குத்தாக இருக்க வேண்டிய கோடுகள் மேலே எங்கோ ஒரு புள்ளியை நோக்கிக் குவிய ஆரம்பிக்கும். ஃபிரேமின் நடுவில் இருப்பது மட்டும் நேராக நிற்கும். இடப்பக்கம் இருப்பது வலமாகச் சாயும், வலப்பக்கம் இருப்பது இடமாகச் சாயும். நீங்கள் மூன்றில் ஒரு பங்கு விதியை மதித்துக் கோபுரத்தை இடப்பக்கக் கோட்டில் வைத்தீர்கள், அது வலப்பக்கம் சாய்ந்தது. போட்டோவில் இந்தச் சாய்வு உறுத்தாது, மேலே பார்த்து எடுத்த படம் என்று கண் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கையால் வரைந்தால் அஸ்திவாரம் இறங்கிவிட்ட மாதிரி தெரியும்.

கோபுரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. பெட்டி மாதிரி நிற்கும் அபார்ட்மென்ட்டில் மேலே குறுகினால் அது பெர்ஸ்பெக்டிவ். கோபுரமோ கட்டும்போதே குறுகலாகக் கட்டப்பட்டது, மேல்நிலைகள் அகலத்திலும் உயரத்திலும் படிப்படியாகச் சிறுக்கின்றன. அதன் மேல் போன் லென்ஸின் குறுகலும் சேர்ந்தால் ஒரே கோபுரத்தை இரண்டு தடவை குறுக்கியதாகிவிடும். உங்கள் படத்தில் சிகரம் கூம்பு ஐஸ் அளவுக்கு ஒடுங்கிப்போனது இப்படித்தான். கோபுரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். அங்கிருந்து உச்சியைப் பார்க்க 25 டிகிரி அளவே கண்ணை உயர்த்த வேண்டியிருக்கும். செங்குத்துக் கோடுகளைத் தாளின் விளிம்புக்கு இணையாகவே போடுங்கள். குறுகல் கட்டடத்திலிருந்து மட்டும் வரட்டும், செங்குத்துக் கோடுகள் மேலே கூடும் மூன்றாவது மறைபுள்ளியை இந்தப் படத்தில் மறந்துவிடுங்கள்.

வரையும்போது நடுக்கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நேர் எதிரே நின்றால் கலச வரிசையின் நடுவும் வாசலின் நடுவும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும். பக்கவாட்டில் தள்ளி நின்றால் வராது, இங்கேதான் பலருக்கும் கோபுரம் கோணிப்போகிறது. வாசல் இருப்பது முன்சுவரில். உச்சி இருப்பது மொத்த அடித்தளத்தின் நடுவுக்கு மேலே. எனவே தரையில் அடித்தளத்தின் செவ்வகத்தை, பின்பக்க மூலைகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பெர்ஸ்பெக்டிவ்படி மெல்லிசாகப் போட்டு இரண்டு மூலைவிட்டங்களை இழுங்கள். அவை வெட்டும் புள்ளியிலிருந்து செங்குத்தாக மேலே போனால் சிகரத்தின் நடு கிடைக்கும். பிறகு அடிநிலைக் கல்கட்டின் உயரத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டு, மொத்தக் கோபுரம் எத்தனை அலகு, அகலம் எத்தனை அலகு என்று பென்சிலால் அளந்து, வெளிக்கோட்டை மட்டும் போடுங்கள். நிலைகளைப் பிரிப்பது அதற்குப் பிறகு. கீழிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு நிலையின் அடிப்பகுதியையும் கீழ்நிலையின் விளிம்பு கொஞ்சம் மறைக்கும், நெருங்க நெருங்க அதிகமாக மறைக்கும். எல்லா நிலையையும் முழுசாகக் காட்டினால் அது பார்த்து வரைந்த கோபுரமாக இருக்காது, தெரிந்ததை வைத்து வரைந்ததாகிவிடும். பொம்மைகளை எண்ண வேண்டாம். வெயில் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டு டோன் (வெளிச்ச அளவு) சரியாக விழுந்தால், நிழல் பக்கத்தில் நாலு பொட்டு வைத்தாலே சுதை வேலை வந்துவிடும்.

பென்சிலால் அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கை முழுக்க நீட்டி முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடி அளக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாய்வை அளக்கும்போது பென்சில் முனை தெருவுக்குள் நீளக்கூடாது. உங்கள் முகத்துக்கு எதிரே ஒரு கண்ணாடித் தகடு நிற்பதாக நினைத்து, அதன் மேல் படுத்தவாக்கிலேயே பென்சிலைச் சுழற்றிக் கூரை விளிம்போடு ஒட்டிப் பாருங்கள். முனையை உள்நோக்கி நீட்டினால் எந்தக் கூரையும் எந்தக் கோணத்துக்கும் பொருந்திவிடும், அளந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் போனின் சாதாரண லென்ஸில் எடுக்காதீர்கள். படத்தின் நீளவாக்கில் அது ஏறத்தாழ 70 டிகிரியைப் பிடிக்கிறது. கிட்டே இருப்பது வீங்கும், தூரத்தில் இருப்பது தீக்குச்சி அளவுக்குச் சுருங்கும். ‘0.5’ இன்னும் மோசம். பின்னால் நகர்ந்து ‘2’ வைத்து, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் 40 டிகிரி அளவு வரும், கண் வசதியாகப் பார்க்கும் அகலத்துக்கு அது நெருக்கம்.

இனி தெருப் படம். ஆட்டோவும் ஆட்களும் கெட்டுப்போனதற்குக் காரணம் ஒன்றே, கண்மட்டக் கோடு. உங்கள் படத்தில் கடைகளின் கூரைக் கோடுகளை நீட்டினால் ஓர் உயரத்தில் சேருகின்றன, தெரு ஓரங்களை நீட்டினால் அதைவிட விரற்கடை மேலே சேருகின்றன, ஆட்களின் தலைகளோ தூரம் போகப் போகக் கீழே இறங்குகின்றன. ஒரே தாளில் மூன்று பேர் மூன்று உயரத்தில் நின்று பார்த்த மாதிரி.

உங்கள் உயரம் 160 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நின்று வரைந்தால் கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கும். சமதளத் தெருவில், உங்கள் உயரமே உள்ளவர் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும் அவருடைய கண் அந்தக் கோட்டில்தான் வரும். தூரம் கூடக் கூடப் பாதங்கள் மேலே ஏறும், தலை இறங்காது. கொலு பொம்மை போலத் தெரிவது, தலை இறங்கியதால் அவர்கள் குள்ளமாகி, நீங்கள் மாடியிலிருந்து பார்ப்பது போல ஆகிவிட்டதால்தான். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தால் கண்மட்டம் 110 செ.மீ. அளவுக்கு இறங்கும். அப்போது நிற்பவர்களின் மார்புக்குக் கொஞ்சம் கீழே கோடு ஓடும், தலைகள் கோட்டுக்கு மேலே போகும், தூரத்தில் இருப்பவர்களின் தலை கோட்டை நோக்கி இறங்கி வரும். இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதிப் படத்தை நின்றும் மீதியை உட்கார்ந்தும் வரைவதுதான் வெளியில் வரைகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. கால் வலித்ததும் உட்கார்ந்துவிடுவோம், கோடு பழைய இடத்திலேயே இருக்கும்.

பூக்கட்டும் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறார். தரையில் உட்கார்ந்தவரின் உச்சந்தலை 75 செ.மீ. அளவில் வரும், உங்கள் நின்ற கண்மட்டத்தில் சரிபாதி. ஆகவே அவரைப் படத்தில் எங்கே வைத்தாலும், அவர் உட்கார்ந்த தரைக்கும் கண்மட்டக் கோட்டுக்கும் நட்டநடுவில் தலை முடிய வேண்டும். ஒரு முழப் பலகை மேல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பலகையின் உயரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் அவர் முக்கால் உயரத்துக்கு வந்துவிட்டார், அதனால்தான் பக்கத்தில் நிற்பவர் சிறுவனாகத் தெரிகிறார்.

ஆட்டோவுக்கும் இதே கணக்குதான். நம் ஊர் ஆட்டோ ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரம், 1.3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் நீளம். நின்று பார்க்கிறவருக்கு ஆட்டோவின் கூரை கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. தெருவில் எத்தனை ஆட்டோ எத்தனை தூரத்தில் நின்றாலும் எல்லாக் கூரையும் அந்தக் கோட்டை ஒட்டியே வரிசையாக ஓடும். கூரையின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியவே கூடாது. உங்கள் படத்தில் மஞ்சள் டாப்பின் மேற்பக்கம் நன்றாகத் தெரிகிறது. கையில் வைத்துப் பார்க்கும் பொம்மை ஆட்டோவை நாம் மேலிருந்து பார்ப்போம், அந்த ஞாபகம் கையில் வந்துவிட்டது. நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு என்பதால் தரையில் இரண்டு சதுரங்களை அடுத்தடுத்துப் போடுவது சுலபமான வழி. பின்சக்கரங்கள் பின் மூலைகளில், முன்சக்கரம் முன்விளிம்பின் நடுவில். தெருவுக்கு நேராக நிற்கும் ஆட்டோ என்றால் இந்தச் சதுரங்களின் பக்கங்கள் தெருவின் மறைபுள்ளிக்கே போக வேண்டும். கொஞ்சம் திரும்பி நின்றால் அதற்குத் தனி மறைபுள்ளி, ஆனால் அதுவும் அதே கண்மட்டக் கோட்டில்தான். சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும், அதன் குட்டை அச்சு, சக்கரம் சுழலும் இருசின் திசையில் இருக்க வேண்டும். முனைகள் கூராகாமல் வளைந்து திரும்ப வேண்டும். கடைசியாக, சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் படத்திலேயே அடர்த்தியான இருட்டை ஒரு கீற்று வையுங்கள். உங்கள் ஆட்டோவுக்கு அடியில் வெளிர் சாம்பல்தான் இருக்கிறது. பாதி மிதப்பு அதனால்.

மீதி மிதப்புக்குத் தெருவின் சரிவு காரணம். தெரு ஓரங்கள் கண்மட்டத்துக்கு மேலே சேர்ந்தன என்றேனே, அதை நீங்கள் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தெரு ஏற்றம். பெங்களூரில் இப்படிப்பட்ட தெருக்கள் நிறைய. ஏற்றத் தெருவின் ஓரங்கள் கண்மட்டத்துக்கு மேலே ஒரு புள்ளியில் கூடும், இறக்கத்தில் கீழே கூடும். அந்தப் புள்ளி கடைகளின் மறைபுள்ளிக்கு நேர் மேலோ நேர் கீழோ, ஒரே செங்குத்தில் வரும். ஆனால் கடைகளின் கூரை, ஷட்டர், ஜன்னல் எல்லாம் மட்டம் பார்த்துக் கட்டியவை, அவை கண்மட்டத்தையே நோக்கும். தெருவில் நிற்கும் ஆட்டோ தெருவின் சரிவோடு போகும், கடையின் மட்டத்தோடு போகாது. நீங்கள் ஆட்டோவின் அடிக்கோட்டைக் கடையோடு சேர்த்துவிட்டீர்கள். மேலே சொன்ன தலைக் கணக்கும் ஏற்றத்தில் மாறும், தூரத்தில் நிற்பவர்கள் கோட்டுக்கு மேலே போவார்கள், இறக்கத்தில் கீழே மூழ்குவார்கள். பழகும் வரை சமதளமான தெருவாகப் பார்த்து உட்காருங்கள்.

இரண்டு புள்ளி பெர்ஸ்பெக்டிவ் பற்றி ஒன்று மட்டும். இரண்டு மறைபுள்ளியையும் தாளுக்குள்ளேயே வைக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் கால் ஷீட் 38 செ.மீ. அகலம். 45 டிகிரி பார்வை அகலத்துக்குக் கணக்குப் போட்டால், நடுவில் நிற்கும் தெருமுனைக் கட்டடத்தின் இரண்டு மறைபுள்ளிகளுக்கும் இடையே குறைந்தது 92 செ.மீ. இருக்க வேண்டும், அதாவது தாளைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. உள்ளே வைத்தால் கட்டடத்தின் மூலை கப்பல் முனை மாதிரி நம்மைக் குத்த வரும். அவ்வளவு பெரிய பலகை வீட்டில் இருக்காது, தேவையும் இல்லை. கிட்டத்தில் உள்ள மூலைக்கோட்டில் கண்மட்டத்திலிருந்து கூரை வரை நான்கு சம பாகம் பிரியுங்கள். கூரைக்கோட்டின் சாய்வை அளந்து தாள் விளிம்பு வரை நீட்டி, அங்கேயும் கண்மட்டத்திலிருந்து அந்தக் கோடு வரை நான்காகப் பிரியுங்கள். ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு என்று சேர்த்தால் ஷட்டர், சன்ஷேட் எல்லாவற்றுக்கும் வழிகாட்டும் கோடுகள் கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் நல்ல பயிற்சிக் களம் உங்கள் வீட்டருகிலேயே நிற்கிறது. எம்.ஜி. ரோட்டிலிருந்து அல்சூர் வழியாக இந்திராநகர் பக்கம் போகும் மெட்ரோ பாலம், 2011இல் ஓட ஆரம்பித்த முதல் பகுதி. ஒரே அளவுத் தூண்கள் வரிசையாகப் பின்னோக்கிப் போகும் காட்சி அது. முதல் இரண்டு தூண்களை அளந்து போடுங்கள். முதல் தூணின் நடு உயரத்திலிருந்து மறைபுள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து, இரண்டாம் தூணில் அந்த நடுக்கோடு வெட்டும் இடம் வழியாக ஒரு கோட்டை இழுத்தால், தூண்களின் அடியை மறைபுள்ளியோடு சேர்க்கும் தரைக்கோட்டில் அது தொடும் இடம் மூன்றாம் தூண். இப்படியே நாலாவது, ஐந்தாவது. கண்ணால் குத்துமதிப்பாக வைக்கிறவர்கள் இடைவெளியைச் சீராகக் குறைத்துக்கொண்டு போவார்கள். உண்மையில் முதல் சில இடைவெளிகள் சட்டென்று சுருங்கும், பிறகு மெதுவாகும். வளைவிலும் ஸ்டேஷன் அருகிலும் இந்த முறை பலிக்காது, நேர்ப் பகுதியாகத் தேர்ந்தெடுங்கள்.

சரி, பூக்காரம்மா. உங்கள் தெருப் படத்தில் கூரைகள், நடைபாதை, கேபிள்கள் எல்லாமே வலப்பக்கம் ஒரு மறைபுள்ளியை நோக்கி ஓடுகின்றன. இரண்டு பக்கக் கடைகளுக்கும் நடுவில் வானம் ஓர் ஆப்பு மாதிரி இறங்கி அதே புள்ளியில் முடிகிறது. படத்தில் பளிச்சென்ற வெள்ளையும் அதுதான், அதற்குப் பக்கத்தில் அடர்ந்த நிழலும் இருக்கிறது. இத்தனையும் கைகாட்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை. அம்மா இடப்பக்கம் கீழே, மங்கலான சுவருக்கு முன்னால், மங்கலான சேலையில். அவரை மூன்றில் ஒரு பங்குப் புள்ளியில் வைத்ததால் ஒன்றும் ஆகாது. அந்த விதியை 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலச் செதுக்கோவியர் நிலக்காட்சியில் வானமும் நிலமும், வெளிச்சமும் இருளும் எந்த விகிதத்தில் இருக்கலாம் என்பதற்காகச் சொன்னார். இப்போது நாலு புள்ளிகளில் ஒன்றில் பொருளை வைத்துவிட்டால் போதும் என்று அது சுருங்கிவிட்டது. பார்ப்பவர் கண் கட்டத்தைப் பார்ப்பதில்லை. டோன் வேறுபாடு எங்கே கூர்மையோ, கோடுகள் எங்கே கூடுகின்றனவோ, முகமும் எழுத்தும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் போகும்.

இதற்கு மூன்று வழி சொல்கிறேன். எனக்குப் பிடித்தது முதல் வழி: எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய், அம்மாவின் தலைக்குப் பக்கத்தில் மறைபுள்ளி விழும்வரை நகருங்கள். சரியாகத் தலைக்குப் பின்னால் விழ வேண்டாம், காதிலிருந்து கம்பிகள் கிளம்பிய மாதிரி ஆகிவிடும். ஒரு கை அகலம் தள்ளியிருக்கட்டும். அப்போது தெருவின் கோடுகள் எல்லாம் உங்களுக்கு வேலை செய்யும். இரண்டாவது, மறைபுள்ளியை அடைப்பது. ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் இருண்ட கொப்பையோ, நிற்கும் பஸ்ஸையோ அங்கே கொண்டுவந்தால் வான ஆப்பு மூடிக்கொள்ளும், கண் திரும்பி முன்னால் வரும். மூன்றாவது, தெருவையே விட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும் சுவரை நேருக்கு நேர் பார்ப்பது. அப்போது பெர்ஸ்பெக்டிவ் பெரும்பாலும் கூடைகளின் நீள்வட்டத்தில்தான் இருக்கும். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக நீள்வட்டம் விரியும் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

எதுவாக இருந்தாலும் தம்ப்நெயில் (சின்ன முன்வரைவு) போடாமல் கால் ஷீட்டைத் தொடாதீர்கள். 7க்கு 5 செ.மீ. கட்டம், உங்கள் தாளின் விகிதத்துக்கு நெருக்கம் அது. ஏ4 நோட்டில் சதுரமான கட்டத்தில் யோசித்துவிட்டு நீளத் தாளில் வரைந்தால் ஓரத்தில் மிச்சமாகும் இடத்தை நிரப்ப ஒரு மரம் முளைக்கும். உங்கள் படத்தின் வலது ஓர மரம் அப்படி முளைத்தது போலத்தான் இருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்து மூன்றே டோன்: தாளின் வெள்ளை, ஒரு நடு சாம்பல், ஒரு கறுப்பு. 4பி பென்சில் போதும், ஒன்றுக்கு ஐந்து நிமிடம், குறைந்தது நான்கு. ஜன்னல், எழுத்து, முகம் எதுவும் கூடாது, திட்டுகள் மட்டும். மூன்று டோனும் சம அளவில் பங்கு போட்டிருந்தால் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ஒன்று பெரும்பகுதியைப் பிடிக்க வேண்டும், ஒன்று மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எங்கே விழுகிறதோ அங்கேதான் பூக்காரம்மா. வெயில் விழும் மல்லிகைக் குவியலின் வெள்ளையும் கடை வாசலின் இருட்டும் ஒன்றையொன்று தொடும் இடம் படத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

காட்சியின் எந்தப் பகுதி படத்துக்குள் வரும் என்று பார்க்க ஓர் அட்டையில் 10 செ.மீ. அகலத் திறப்பு வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கண்ணுக்கு 12 செ.மீ.க்கும் கிட்டே கொண்டுவராதீர்கள். அதைவிட நெருங்கினால் 45 டிகிரியைத் தாண்டி ஓரங்களில் எல்லாம் இழுபடும். கையை நீட்டினால் பத்து டிகிரிக்குள் சுருங்கி, ஒரு பூக்கூடைதான் உள்ளே வரும்.

நம் தெருக்களுக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. கடைப் பலகைகளில் எழுத்தை எழுதாதீர்கள். எந்த மொழி எழுத்தானாலும் கண் அதைப் படிக்கப் போய்விடும், உங்கள் படத்தில் நகைக்கடை போர்டுதான் அம்மாவை முதலில் விழுங்கியது. நிறத் திட்டாக விட்டுவிடுங்கள், அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு போர்டில் வேண்டுமானால் நாலு வளைவு வரட்டும். கேபிள்களில் பத்தில் எட்டை விட்டுவிடலாம். கோபுரக் கலசத்தின் முனை கேபிளையோ தாள் விளிம்பையோ சரியாகத் தொட்டு நிற்பது கூடவே கூடாது. ஒன்று தாண்ட வேண்டும், அல்லது நன்றாக விலக வேண்டும். தொட்டும் தொடாமலும் இருந்தால் தூரம் அழிந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஓரமாக ஓடும் ஆட்டோ படத்தை விட்டு வெளியே பார்த்தால் பார்ப்பவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும், உள்ளே பார்க்கத் திருப்புங்கள்.

தூரத்தைக் கோட்டால் மட்டும் காட்ட வேண்டியதில்லை. தூரத்தில் டோன் வேறுபாடு குறையும், விளிம்பு மழுங்கும், நிறம் நீலம் பக்கம் போகும். கஸ்தூர்பா ரோட்டிலுள்ள காலரிக்குத் தன் பெயரைத் தந்த கே. வெங்கடப்பா (1886–1965) வரைந்த ஊட்டி நீர்வண்ணங்களில் ஒரு ஸ்கேல் கோடு கிடையாது, மலை மலையாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ருமாலே சென்னபசவய்யா (1910–1988) பெங்களூரின் பூத்த மரங்களை வரைந்ததையும் பாருங்கள், கண் எங்கே நிற்க வேண்டும் என்பதை நிறத்தாலேயே தீர்த்திருப்பார். தஞ்சாவூர்ப் படத்தில் கிருஷ்ணர் பெரிதாகவும் சுற்றியிருப்பவர்கள் சின்னதாகவும் இருப்பதைப் பெர்ஸ்பெக்டிவ் தெரியாத தவறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அளவு முக்கியத்துவத்தைக் காட்டுகிறது, தூரத்தை அல்ல. பூக்காரம்மாவை வேண்டுமென்றே பெரிதாக்கி அப்படியும் ஒரு படம் போடலாம். ஆனால் அப்போது தெரு முழுவதும் அந்த முறையில் வர வேண்டும், ஆட்டோ மட்டும் மறைபுள்ளிக்கு ஓடக்கூடாது.

வாட்டர்கலர் தாளில் நீங்கள் நிறைய அழித்திருக்கிறீர்கள். வான வாஷ் சுத்தமாக இருந்தும் கட்டடங்களின் மேல் திட்டுத்திட்டாக இருப்பது அதனால்தான். ரப்பர் தாளின் மேல் பூச்சைக் கிளப்பிவிடும், அங்கே நிறம் உறிஞ்சிக்கொள்ளும். கணக்குப் போடுவது, அழிப்பது எல்லாம் சாதா கார்ட்ரிட்ஜ் தாளில் நடக்கட்டும். முடிந்ததும் அதன் பின்பக்கம் 4பி தேய்த்து, 300 ஜிஎஸ்எம் தாளின் மேல் வைத்து முக்கியக் கோடுகளை மட்டும் அழுத்தாமல் இறக்குங்கள். ஸ்கேல் அங்கே வேண்டாம். வெறுங்கையால் வரும் சின்ன நடுக்கம் கல்கட்டுக்கு நல்லது.

வெளியே போக முடியாத நாளில் ஜன்னல் இருக்கிறது. 1435இல் ஆல்பெர்ட்டி என்ற இத்தாலியர், நூலால் கட்டம் பிரித்த மெல்லிய திரைக்குப் பின்னால் காட்சியை வைத்து வரையச் சொல்லி எழுதினார். உங்கள் ஜன்னல் கிரில் அதே வேலையைச் செய்யும். கிரிலின் கட்டங்களை அதே விகிதத்தில் நோட்டில் போட்டுக்கொண்டு, மேஜையில் புத்தகம் அடுக்கி அதன் மேல் மோவாயை வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிர் அபார்ட்மென்ட்டின் கோடு எந்தக் கம்பியை எங்கே வெட்டுகிறது என்று மட்டும் பார்த்து வரையுங்கள். தலை ஒரு அங்குலம் அசைந்தாலும் எல்லாம் மாறும், மோவாய்க்கு முட்டுக் கொடுப்பது அதற்காக. வரைந்தபின் கோடுகளை ஸ்கேலால் நீட்டிப் பாருங்கள், எங்கே சேருகின்றனவோ அதுதான் உங்கள் கண்மட்டம். மூன்றாவது மாடியில் இருந்தால் எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடி ஜன்னல் உயரத்தில் அது வரும். வரவில்லை என்றால் தலை அசைந்திருக்கிறது.

வகுப்பு? போட்டோவைக் கொடுத்து வாரம் ஒரு படம் முடித்து வீட்டுக்கு அனுப்பும் வகுப்பு என்றால் இப்போதைக்கு வேண்டாம், அந்த வேலையை நீங்களே செய்கிறீர்கள். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளியில் உட்கார்ந்து வரைய அழைத்துப் போவார்களா? திருத்தும்போது ஆசிரியர் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, உங்கள் கண் உயரத்திலிருந்து பார்த்துத் திருத்துவாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சேருங்கள். நின்றபடி எட்டிப் பார்த்துத் திருத்துகிறவருக்குத் தெரிவது வேறு கண்மட்டம், அவருடைய திருத்தம் உங்கள் படத்தைக் கெடுக்கும். அடுத்த தடவை கோபுரத்தைப் போன் இல்லாமல் வரைந்து அனுப்புங்கள், வண்ணம் வேண்டாம், பென்சில் போதும். கண்மட்டக் கோட்டையும் நடுக்கோட்டையும் அழிக்காமல் விட்டுவையுங்கள். நின்று வரைந்தீர்களா உட்கார்ந்தா, கோபுரத்திலிருந்து எத்தனை தப்படி தூரம் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.